யார் பூட்டிய கதவு? பேரிடர் பின்னணியில் வரும் இளையோர் காதல் நாவல்கள்



போன வருடம் படிவம் 4 வகுப்பில் சிறுகதை எழுதச் சொல்லியிருந்தேன். தலைப்பு அவரவர் விருப்பம். ஒரு மாணவி சயாம் மரண ரயிலைப் பின்னணியாக வைத்து எழுதியிருந்தாள். தோட்டத்துப் பையன் ஒருவன், தோட்டத்துப் பெண் ஒருத்தி. ரப்பர் மரத்தடியில் பார்வை, கோயில் திருவிழாவில் பேச்சு, ஒரு கடிதம். அப்புறம் ஜப்பான்காரன் வருகிறான். பையன் சயாமுக்குப் போகிறான். காலராவில் செத்துப் போகிறான். அவள் மழையில் நனைந்துகொண்டு லயத்து வாசலில் காத்திருக்கிறாள். கதை முடிந்தது.

மொழிநடை நன்றாகவே இருந்தது. உவமைகள் பொருத்தமாக வந்திருந்தன, மரபுத்தொடர்களும் சரியான இடத்தில் இருந்தன. நான் நல்ல புள்ளி போட்டு, "உருக்கமான முடிவு" என்று சிவப்பு மையில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

பிறகு சும்மா பேச்சுவாக்கில், "இந்தக் கதைய எங்கேருந்து பிடிச்ச?" என்று கேட்டேன். "நான் படிக்கிற இங்கிலீஷ் நாவல்ல எல்லாம் இப்படித்தான் டீச்சர் வரும். கடைசியில ஒரு கப்பல் மூழ்கணும், இல்லாட்டி ஊரே எரியணும். அப்பதான் லவ் ஸ்டோரி நிக்கும்," என்றாள்.

வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். வீட்டுக்குப் போன பிறகுதான் அந்தப் பதில் உறுத்த ஆரம்பித்தது. ஆயிரக்கணக்கானவர்கள் செத்துப்போன ஒரு விஷயத்தை, காதல் கதையை நிற்க வைக்கும் கம்பமாக நாம் பயன்படுத்தலாமா? அவள் எழுதியதில் என்ன குறை? குறை இருந்தால் எனக்கு ஏன் அது தெரியவில்லை? பள்ளி விடுமுறையில் அவளிடமே சில நாவல்களை இரவல் வாங்கிப் படித்தேன். அந்த வாசிப்பிலிருந்து வந்ததுதான் இந்தக் கட்டுரை.

இந்த வகையின் அச்சு

உண்மையில் நடந்த ஒரு பேரிடர், அதன் நடுவே பதினாறு பதினேழு வயதுக் காதல் என்று வரும் நாவல்கள் ஆங்கிலத்தில் ஒரு தனி வகையாகவே வளர்ந்திருக்கின்றன. இவற்றுக்கு ஒரு பொது அச்சு உண்டு. பெண்ணுக்கு வீட்டில் ஒரு பணக்கார மாப்பிள்ளை பார்த்திருப்பார்கள். அவளுக்குப் பிடித்தவன் ஏழை. அம்மாவோ அப்பாவோ குறுக்கே நிற்பார்கள். பாதிக் கதையில் நிலம் நடுங்கும், கப்பல் மோதும், தீப்பிடிக்கும். பணக்கார மாப்பிள்ளை தன் கோழைத்தனத்தைக் காட்டிவிட்டுக் காணாமல் போவான். காதலர் கைகோத்துப் புகையிலிருந்து வெளியே வருவார்கள். அல்லது ஒருவர் சாக, மற்றவர் கிழவயதில் அதை நினைத்துப் பார்ப்பார். 1997-இல் வந்த டைட்டானிக் படம் இந்த அச்சை உலகம் முழுவதும் கொண்டுபோய்ச் சேர்த்தது.

இதில் ஒரு நியாயமான சுவை இருக்கிறது, அதை மறுக்கக்கூடாது. கப்பல் எது, ஆண்டு எது என்பது படிக்கத் தொடங்கும் முன்பே வாசகருக்குத் தெரிந்துவிடும். பாத்திரங்களுக்குத் தெரியாது. அவர்கள் அடுத்த மாதத் திருமணத்தைப் பற்றிப் பேசும்போது நமக்கு வயிற்றைக் கலக்கும். தேர்வு எழுதும் மாணவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். வாசகருக்குத் தெரிந்ததும் பாத்திரத்துக்குத் தெரியாததும் மோதும்போது பிறக்கும் இந்தப் பதைப்பு ஓர் உத்திமுறை. இதை உத்தி என்று பெயரிட்டு எழுதினால் பதில் நிற்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. மேலே சொன்ன அச்சில் பேரிடர் ஆசிரியருக்கு வேலைக்காரனாகிவிடுகிறது. வேண்டாத மாப்பிள்ளையை அப்புறப்படுத்துவதும், பிடிவாதக்கார அப்பாவை மனம் மாற வைப்பதும், முடிவுக்குக் கண்ணீர் தருவதும் அதன் வேலை. இத்தனை வேலை செய்கிற பேரிடரைப் பார்த்து, "நீ ஏன் வந்தாய்? இத்தனை பேர் சாக யார் காரணம்?" என்று மட்டும் கதை கேட்பதில்லை. விதி என்று விட்டுவிடுகிறது.

டைட்டானிக்கையே எடுத்துக்கொள்வோம். 1912 ஏப்ரல் 15 அதிகாலையில் மூழ்கிய அந்தக் கப்பலில் சுமார் 2,200 பேர் இருந்தார்கள். சுமார் 1,500 பேர் இறந்தார்கள். உயிர்காப்புப் படகுகள் 20. அவற்றில் 1,178 பேருக்குத்தான் இடம். இதில் சட்டமீறல் எதுவும் இல்லை. அன்றைய பிரிட்டிஷ் விதி 16 படகு போதும் என்றது, ஏனென்றால் அது பயணிகளின் எண்ணிக்கையைப் பார்க்காமல் கப்பலின் டன் அளவைப் பார்த்து எழுதப்பட்ட விதி. முதல் வகுப்புப் பெண்களில் 100-க்கு 97 பேர் பிழைத்தார்கள். மூன்றாம் வகுப்புப் பெண்களில் 46 பேர். பனிப்பாறை இயற்கை. 97-க்கும் 46-க்கும் உள்ள இடைவெளியை இயற்கை போடவில்லை, மனிதர் போட்டது.

ஆகவே என் கருத்து இது. பேரிடர் நாவலில் காதலுக்கு ஒரு வேலை உண்டு. 1,500 என்ற எண்ணை நம்மால் அழ முடியாது. ஒரு பையனையும் ஒரு பெண்ணையும் அழ முடியும். எண்ணை ஆளாக்கிக் காட்டுவதுதான் காதலின் வேலை. அந்த ஆளின் கையைப் பிடித்து நடந்து, பூட்டிய கதவின் முன்னால் வந்து நின்று, "இதைப் பூட்டியது யார்?" என்று நம்மைக் கேட்க வைத்தால் அது நல்ல நாவல். கதவைக் காட்டாமலே கண்ணீரைத் துடைத்து அனுப்பிவிட்டால், பேரிடர் வெறும் திரைச்சீலை.

இந்த அளவுகோலை வைத்து மூன்று நாவல்களைப் பார்க்கிறேன்.

ஒன்று: 'அப்ரைசிங்'

மார்கரெட் பீட்டர்சன் ஹேடிக்ஸ் 2007-இல் எழுதிய நாவல். தலைப்புக்கு 'எழுச்சி' என்று பொருள். நியூயார்க் நகரில் 1911 மார்ச் 25, சனிக்கிழமை மாலை, டிரையாங்கிள் என்ற சட்டைத் தொழிற்சாலையில் நடந்த தீ விபத்துதான் களம். பெல்லா இத்தாலியிலிருந்து வந்தவள், யெட்டா ரஷ்யாவிலிருந்து வந்த யூதப்பெண், ஜேன் பணக்கார வீட்டுப் பெண். இந்த மூவரில் ஒருத்திதான் பிழைக்கிறாள். யார் என்று நாவல் கடைசி வரை ஒளித்து வைத்திருக்கிறது. நானும் சொல்லவில்லை.

இங்கே பூட்டிய கதவு உவமை கிடையாது, நிஜக் கதவு. தொழிற்சாலை ஒரு பத்து மாடிக் கட்டடத்தின் மேல் மூன்று மாடிகளில் இருந்தது. ஒன்பதாம் மாடியில் ஒரு பக்கத்துப் படிக்கட்டுக் கதவு பூட்டியிருந்தது. தொழிலாளர் துணி திருடிக்கொண்டு போகாமல், ஒரே வாசல் வழியாகப் பையைச் சோதித்து அனுப்புவதற்காக அப்படிப் பூட்டும் வழக்கம். தீயணைப்பு வண்டியின் ஏணி ஆறாம் மாடி வரைக்கும்தான் எட்டியது. 146 பேர் இறந்தார்கள். பெரும்பாலும் குடியேறிகள், இளம்பெண்கள். மிக இளையவர்களுக்கு வயது 14. நம் படிவம் 2 பிள்ளைகளின் வயது.

முதலாளிகள் இருவர் மீதும் வழக்கு நடந்தது. கதவு பூட்டியிருந்தது அவர்களுக்குத் தெரியும் என்பதை நிரூபிக்க முடியாமல் அதே ஆண்டு டிசம்பரில் விடுதலையானார்கள். அவர்களில் ஒருவர் 1913-இல் இன்னொரு தொழிற்சாலையில் மறுபடியும் கதவைப் பூட்டி வைத்துப் பிடிபட்டார். அபராதம் 20 டாலர்.

நாவலின் பலம், அது தீயிலிருந்து தொடங்காதது. 1909-இல் சட்டைத் தொழிலாளப் பெண்கள் நடத்திய பெரிய வேலைநிறுத்தத்துக்கு அது நிறையப் பக்கங்களைக் கொடுக்கிறது. நியாயமான கூலியும் பாதுகாப்பும் கேட்டு அந்தப் பெண்கள் குளிரில் நின்று அடிவாங்கியதைப் படித்துவிட்டு நாம் 1911-க்கு வருகிறோம். அதனால் தீப்பிடிக்கும்போது "ஐயோ விதி" என்று சொல்லத் தோன்றாது. "கேட்டார்களே, அப்போதே கொடுத்திருக்கலாமே" என்றுதான் தோன்றும். காரணத்தை முதலில் விதைத்து, விளைவைப் பிறகு காட்டுவது. கதைப்பின்னல் பற்றி மாணவருக்கு விளக்க இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைப்பது அரிது.

காதல் இதில் ஓரமாகத்தான் வருகிறது. மூன்று பெண்களின் நட்பே மையம். காதல் எதிர்பார்த்து எடுக்கும் மாணவி கொஞ்சம் ஏமாறலாம். என்னைக் கேட்டால் குறை வேறொன்று: மூன்று குரல்களும் சில இடங்களில் ஒரே மாதிரி ஒலிக்கின்றன. அத்தியாயத் தலைப்பில் பெயர் இல்லாவிட்டால் யார் பேசுகிறார் என்று தடுமாற வேண்டியிருக்கும். பாத்திரப்படைப்பு பற்றிய விவாதத்துக்கு இந்தக் குறையும் உதவும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். இறந்த 146 பேரில் ஆறு பேரின் பெயர் 2011 வரை தெரியாமலே இருந்தது. ஒரு நூற்றாண்டு கழித்துத்தான் பட்டியல் முழுமையானது. பெயரே இல்லாமல் போனவர்களுக்கு ஒரு கதை கொடுப்பது நாவலாசிரியரால் மட்டும் முடிகிற காரியம்.

இரண்டு: 'சால்ட் டு த சீ'

ரூட்டா செபெட்டிஸ் 2016-இல் எழுதியது. இளையோர் இலக்கியத்துக்கான கார்னகி பதக்கத்தை 2017-இல் பெற்றது. களம் பால்டிக் கடல், 1945 ஜனவரி 30. ரஷ்யப் படை நெருங்குவதால் கிழக்குப் பிரஷ்யாவிலிருந்து மக்கள் உறைபனியில் நடந்து துறைமுகத்துக்கு வருகிறார்கள். வில்ஹெல்ம் குஸ்ட்லாஃப் என்ற கப்பலில் ஏறுகிறார்கள். 2,000-க்கும் குறைவானவர்களுக்காகக் கட்டிய உல்லாசக் கப்பலில் சுமார் 10,000 பேர். சோவியத் நீர்மூழ்கிக் கப்பலின் மூன்று குண்டுகள் தாக்கின. சுமார் ஒரு மணி நேரத்தில் கப்பல் மூழ்கியது. 9,000-க்கும் மேற்பட்டோர் இறந்ததாகப் பரவலாக மதிப்பிடுகிறார்கள். டைட்டானிக்கைப்போல் ஆறு மடங்கு. ஆனாலும் நம் மாணவர்களில் ஒருவர்கூட இந்தப் பெயரைக் கேள்விப்பட்டதில்லை.

நான்கு இளையோர் மாறி மாறிக் கதை சொல்கிறார்கள். லித்துவேனியத் தாதி ஜோவானா, எதையோ மறைத்துக்கொண்டு ஓடும் பிரஷ்ய இளைஞன் ஃப்ளோரியன், பதினைந்து வயதுப் போலந்துச் சிறுமி எமிலியா, கப்பலில் வேலை செய்யும் ஜெர்மானியன் ஆல்ஃபிரட். அத்தியாயங்கள் மிகச் சின்னவை. சில அரைப் பக்கம்கூட வராது. நாவல் என்றாலே கொட்டாவி விடுகிற பையன்களும் படித்துவிடுவார்கள்.

இனி வருவதில் கதையின் முடிச்சுகள் அவிழும். படிக்க நினைப்பவர்கள் அடுத்த பகுதிக்குத் தாவிவிடலாம்.

இந்த நாவலில் மூன்று காதல்கள் இருக்கின்றன. ஜோவானாவுக்கும் ஃப்ளோரியனுக்கும் இடையே வளர்வது உண்மைக் காதல். மற்ற இரண்டும் பொய். எமிலியா கர்ப்பமாக இருக்கிறாள். ஆகஸ்ட் என்று ஒரு காதலன் இருப்பதாகவும் அவன் தன்னைத் தேடி வருவான் என்றும் சொல்கிறாள். அப்படி ஒரு காதல் நடக்கவே இல்லை. அவளுக்கு நடந்தது படையினரின் வன்கொடுமை. ஆல்ஃபிரட் மனத்துக்குள்ளேயே ஹன்னலோர் என்ற பக்கத்து வீட்டுப் பெண்ணுக்குக் காதல் கடிதம் எழுதிக்கொண்டே இருக்கிறான். கடைசியில்தான் தெரிகிறது, அவள் தந்தை யூதர் என்று காட்டிக்கொடுத்து அவர்களைப் பிடித்துப் போக வைத்தவன் அவனே.

ஒரு பொய்க்காதல் காயத்தை மூடுகிறது. இன்னொன்று குற்றத்தை மூடுகிறது. காதல் கதை படிக்க ஆசைப்பட்டு வந்த இளம் வாசகரிடம், "மனிதர் ஏன் காதல் கதை சொல்லிக்கொள்கிறார்கள் என்று யோசித்தாயா?" என்று நாவல் திருப்பிக் கேட்கிறது. மேலே சொன்ன அச்சில் எழுதுபவர்களுக்கு இது தோன்றவே தோன்றாது.

யார் காரணம் என்பதில் இந்தப் பேரிடர் சிக்கலானது. குண்டு போட்டது சோவியத் கப்பல். ஆனால் மக்களை முன்கூட்டியே வெளியேறவிடாமல் தடுத்தவர் அந்தப் பகுதியின் நாஜித் தலைவர் எரிக் கோஹ். கப்பலில் பொதுமக்களோடு கடற்படையினரும் விமான எதிர்ப்புத் துப்பாக்கிகளும் இருந்தன. படகுகள் போதவில்லை. தண்ணீர் வற்றடித்த நீச்சல் குளத்தில் கடற்படைத் துணைப் பணிப்பெண்கள் 373 பேரைத் தங்க வைத்திருந்தார்கள். குண்டு ஒன்று அந்தப் பக்கம் தாக்கியது. தப்பியவர்கள் மிகச் சிலரே. இத்தனை கதவுகளையும் இத்தனை பேர் பூட்டியிருக்கிறார்கள். செபெட்டிஸ் ஒருவரை மட்டும் வில்லனாக்கி முடித்துவிடவில்லை.

ஆனால் முடிவில் அவரும் கொஞ்சம் அச்சுக்குள் விழுந்துவிடுகிறார். ஜோவானா, ஃப்ளோரியன், ஒரு சிறுவன், ஒரு கைக்குழந்தை நால்வரும் பிழைத்து ஒரு குடும்பமாகிறார்கள். 9,000 பேர் மூழ்கிய கடலில் காதலர் இருவரும் ஒன்றாகக் கரை சேர்வது வாசகருக்குத் தரும் மிட்டாய். அந்த மிட்டாயைச் சமன்செய்வது எமிலியாவின் மரணம்தான். நாவலின் கடைசிச் சொல்லை ஆசிரியர் அவளுக்கே கொடுத்திருப்பது அவருடைய நேர்மை. அவருக்கு இது தூரத்து விஷயமும் இல்லை. அவர் தந்தை லித்துவேனிய அகதி. தந்தையின் உறவினர் ஒருவருக்கு இந்தக் கப்பலில் இடம் கிடைத்திருந்தது, தற்செயலாக ஏறாமல் தப்பினார்.

மூன்று: 'அவுட்ரன் த மூன்'

ஸ்டேசி லீ எழுதி 2016-இல் வந்தது. 1906 ஏப்ரல் 18 காலை 5.12-க்கு சான் பிரான்சிஸ்கோவைத் தாக்கிய நிலநடுக்கமும் தொடர்ந்து நாள்கணக்கில் எரிந்த தீயும் களம். கதாநாயகி மெர்சி வோங், சீனர் குடியிருப்பில் வளர்ந்த பதினைந்து வயதுப் பெண். வெள்ளையர் பெண்கள் மட்டும் படிக்கும் பள்ளியில் சேர, சீனாவிலிருந்து வந்த செல்வந்தர் மகள் என்று பொய் சொல்லி நுழைகிறாள். அவளுக்குப் பிடித்த டாம், நாட்டு மருந்துக்காரரின் மகன். அவனுக்கு வானத்தில் பறக்க ஆசை.

நம் ஊர்ப் பிள்ளைகளுக்கு மூன்றில் மிக நெருக்கமாக இருக்கப்போவது இதுதான். அம்மாவின் ஜாதகப் பேச்சு, மருந்துக்கடை வாசனை, மகள் படித்து மேலே வரவேண்டும் என்ற வீட்டுக் கனவு எல்லாம் நமக்குத் தெரிந்தவை. மெர்சியின் பேச்சில் நையாண்டி இருக்கிறது. சிரித்துக்கொண்டே படிப்போம், அதனால்தான் நிலம் நடுங்கும்போது அடி பலமாக விழுகிறது.

வரலாற்றில் இங்கே பூட்டிய கதவு பட்டியல்தான். அன்று அரசு சொன்ன இறப்பு எண்ணிக்கை சில நூறு. பிற்கால ஆய்வு 3,000-க்கும் மேல் என்கிறது. சீனர் குடியிருப்பில் இறந்தவர்களை யாரும் சரியாக எண்ணவே இல்லை. தீ அணைந்ததும் நகரத் தலைவர்கள், சீனர்களை ஊருக்கு வெளியே துரத்திவிட்டு அந்த மதிப்புமிக்க நிலத்தை எடுத்துக்கொள்ளப் பார்த்தார்கள். சீனர்கள் விட்டுக்கொடுக்காமல் அதே இடத்தில் திரும்பக் கட்டினார்கள்.

குறை என்னவென்றால், நிலநடுக்கத்துக்குப் பிறகு நாவல் கொஞ்சம் இனிப்பாகிவிடுகிறது. மெர்சியும் பள்ளித்தோழிகளும் பூங்காவில் கூடாரம் போட்டு, வீடிழந்தவர்களுக்குச் சமைத்துப் போடுகிறார்கள். இனவேறுபாடு சோற்றுப்பானை முன்னால் கரைகிறது. படிக்கச் சுகமாக இருக்கிறது. ஆனால் உண்மையில் சீன அகதிகளைத் தனியாகப் பிரித்து, ஒரு முகாமிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றிக்கொண்டே இருந்தார்கள். நாவலின் பூங்கா நடந்திருக்க வேண்டிய பூங்கா, நடந்த பூங்கா வேறு. வகுப்பில் இந்த இடத்தில் நிறுத்தி, "ஆசிரியர் ஏன் இப்படி மாற்றினார்? மாற்றலாமா?" என்று கேட்டால் நல்ல விவாதம் வரும்.

இதே ஆசிரியர் 2021-இல் டைட்டானிக் கப்பலை வைத்து 'லக் ஆஃப் த டைட்டானிக்' எழுதினார். அந்தக் கப்பலில் இருந்த சீனர் 8 பேரில் 6 பேர் பிழைத்தார்கள் என்ற உண்மைதான் அதன் விதை. பிழைத்த ஆறு பேரும் நியூயார்க்கில் தங்க முடியவில்லை. சீனரை விலக்கிய அமெரிக்கச் சட்டத்தின்படி உடனே வேறு கப்பலில் ஏற்றி அனுப்பப்பட்டார்கள். கடல் விட்டதைச் சட்டம் விடவில்லை.

"காதல் நாவலை வகுப்பில் பேசலாமா?"

இந்தக் கேள்வி ஆசிரியர் அறையில் வரும், வந்தது. "எஸ்.பி.எம். நெருங்குது, இதுல லவ் ஸ்டோரி வேறயா?" என்றார் ஒரு மூத்த ஆசிரியர். மரியாதையோடு சொல்கிறேன், பிள்ளைகள் நம்மைக் கேட்டுக்கொண்டு படிப்பதில்லை. படிக்கத்தான் போகிறார்கள். படித்ததன் அச்சு நம் தமிழ்ச் சிறுகதைத் தாளில் வந்து விழத்தான் போகிறது. எப்படிப் படிப்பது என்று சொல்லிக்கொடுப்பதே நம் வேலை.

தவிர, காதலும் பேரிடரும் சேர்ந்த கதை நமக்குப் புதிதல்ல. கண்ணகி கணவனை இழந்ததும் வீட்டில் உட்கார்ந்து அழுதுகொண்டிருக்கவில்லை. சிலம்பை எடுத்துக்கொண்டு அரசவைக்குப் போய், யார் தவறு என்று கேட்டாள். மதுரை எரிந்தது அதற்குப் பிறகுதான். காதல் நீதி கேட்கப் போகும் வழியை நம் இலக்கியம் எப்போதோ காட்டிவிட்டது.

ஒரு எச்சரிக்கையும் தேவை. 'சால்ட் டு த சீ' நாவலில் வன்கொடுமை பற்றிய குறிப்பு இருக்கிறது. விரிவாக வர்ணிக்கவில்லை, ஆனால் இருக்கிறது. ஆசிரியர் முதலில் முழுதாகப் படித்துவிட்டு, படிவம் 4-க்கு மேல் உள்ளவர்களுக்குக் கொடுப்பது நல்லது. 'அப்ரைசிங்', 'அவுட்ரன் த மூன்' இரண்டையும் படிவம் 3 மாணவரும் படிக்கலாம்.

வகுப்பறைக்கு நான்கு கேள்விகள்

எந்தப் பேரிடர் நாவலுக்கும், மாணவர் தாமே எழுதும் கதைக்கும் இந்த நான்கையும் போட்டுப் பார்க்கலாம்.

1. காதலை எடுத்துவிட்டால் பேரிடர் மீதி இருக்கிறதா? அதற்கென்று காரணமும் தொடர்ச்சியும் கதையில் உண்டா?

2. பேரிடரை எடுத்துவிட்டு வேறொன்றைப் போட்டால் கதை மாறுமா? கப்பலுக்குப் பதில் நிலநடுக்கம் போட்டும் கதை அப்படியே ஓடினால் அது திரைச்சீலைதான்.

3. யார் பிழைக்கிறார், யார் சாகிறார்? அதைத் தீர்மானித்தது எது? பணமா, இனமா, சட்டமா, வெறும் தற்செயலா?

4. பெயரோடு சாகிறவர்கள் யார்? கூட்டமாக, பெயரில்லாமல் சாகிறவர்கள் யார்?

தேர்வில் பின்னணி பற்றிய கேள்விக்கும் இது உதவும். பல மாணவர் சமுதாயப் பின்னணி கேட்டால் இடப் பின்னணியை எழுதிவிட்டு வருகிறார்கள். 'அப்ரைசிங்' நாவலை வைத்துச் சொல்கிறேன். "கதை நியூயார்க் நகரத் தொழிற்சாலையில் நடக்கிறது, அங்கே தீப்பிடிக்கிறது" என்பது இடமும் நிகழ்வும் மட்டுமே. "திருட்டைத் தடுக்கத் தொழிலாளரைப் பூட்டி வைக்கும் முதலாளிகளும், மொழி தெரியாத நாட்டில் கூலிக்காக அதைச் சகித்துக்கொள்ளும் குடியேறிப் பெண்களும் வாழ்ந்த சமுதாயம்" என்று எழுதினால் அது சமுதாயப் பின்னணி. அதற்கு நாவலிலிருந்து ஒரு சம்பவத்தைச் சான்றாகக் காட்டினால் பதில் முழுமையாகும். முதல் பதில் எங்கே என்று சொல்கிறது. இரண்டாவது ஏன் என்று சொல்கிறது.

நம் மலேசியத் தமிழ் நாவல்களிலும் இதைச் செய்து பார்க்கலாம். ஆர். சண்முகத்தின் 'சயாம் மரண ரயில்', அ. ரெங்கசாமியின் 'நினைவுச் சின்னம்' இரண்டும் நம் பள்ளி நூல்நிலையங்களில் இருக்க வேண்டியவை. 415 கிலோமீட்டர் நீளமுள்ள அந்த ரயில் பாதை 1942-43-இல் போடப்பட்டது. இறந்த போர்க்கைதிகள் 12,000-க்கும் மேல். அவர்களுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் இருக்கின்றன. இறந்த ஆசியத் தொழிலாளர்கள் சுமார் 90,000 பேர் என்பது பரவலாகச் சொல்லப்படும் மதிப்பீடு. அவர்களில் நம் தோட்டத்துத் தமிழர்கள் ஏராளம். நான்காவது கேள்வியை இங்கே கேட்டுப் பாருங்கள்.

மீண்டும் அந்தச் சிறுகதை

விடுமுறை முடிந்து வந்ததும் அந்த மாணவியின் கதையை மறுபடி எடுத்துப் படித்தேன். நான்கு கேள்விகளில் ஒன்றுக்கும் அதில் பதில் இல்லை. சயாமுக்குப் பதில் வேறெந்த ஊர் இருந்தாலும் கதை மாறாது. "பையன் சயாமுக்குப் போகிறான்" என்று ஒரே வரி. எப்படிப் போனான்? யார் அனுப்பியது? குறை அவளுடையது மட்டும் கிடையாது. சிவப்பு மையில் பாராட்டி எழுதிய என்னுடையதும்தான்.

அதைக் கேட்டேன். அவளுக்குத் தெரியவில்லை. வீட்டில் பாட்டியிடம் விசாரிக்கச் சொன்னேன். ஒரு வாரம் கழித்து வந்தாள். "டீச்சர், பாட்டியோட சித்தப்பா ஒருத்தர் போயிருக்காராம். மூணு மாசம் வேலை, நாளைக்கு ஒரு வெள்ளின்னு சொன்னாங்களாம். வீட்டுக்கு ஒரு ஆள் பேர் கேட்டாங்களாம். அண்ணனுக்குப் பிள்ளைகுட்டி இருந்திச்சி, அதனால தம்பி பேரைக் குடுத்துட்டாங்களாம். பாட்டி இதுவரைக்கும் எங்க யார்கிட்டயும் சொன்னதில்ல," என்றாள்.

கதையைத் திருத்தி எழுதினாள். காதல் அப்படியே இருந்தது, பக்கம்தான் குறைந்தது. புதிதாக ஒரு காட்சி வந்திருந்தது. விடியற்காலைப் பெரட்டுக் களம். கிராணி பெயர்ப்பட்டியல் எழுதுகிறார். அண்ணன் வாயைத் திறக்காமல் நிற்கிறான். தம்பி தன் பெயரைச் சொல்கிறான். கூட்டத்தில் நிற்கும் அந்தப் பெண் அண்ணனைத்தான் பார்த்துக்கொண்டிருக்கிறாள். கடைசியில் மழை இல்லை. போர் முடிந்து ஆட்கள் திரும்பி வரும்போது அவள் கிராணியிடம் போய், அந்தப் பட்டியல் எங்கே என்று கேட்கிறாள்.

உவமைகள் முன்பைவிடக் குறைவு. சந்திப்பிழை இரண்டு. வகுப்பில் சத்தமாகப் படிக்கச் சொன்னேன். முன்பு சிரித்த வகுப்பு இந்தத் தடவை சிரிக்கவில்லை. பின்வரிசைப் பையன் ஒருவன், "டீச்சர், எங்க தோட்டத்துலேருந்தும் போயிருப்பாங்களா?" என்று கேட்டான். விசாரித்துக்கொண்டு வரச் சொல்லியிருக்கிறேன்.

இந்த நான்கு கேள்விகளையும் உங்கள் வகுப்பில் பயன்படுத்திப் பாருங்கள். மாணவர் என்ன பதில் கொண்டுவந்தார்கள் என்பதை இதே பக்கத்துக்கு எழுதி அனுப்புங்கள். மற்ற ஆசிரியர்களுக்கும் உதவும்.